அஸர் பள்ளிக்கூடம்

லாத்தா,

இன்று காலையில் ஆனையூர் வீட்டின் பின்சுவரில் படர்ந்திருந்த கோவைக்கொடியை மருமகள் அறுத்துப் போட்டாள். சுவர் பாழாகிறதாம். குப்பையில் சேர்ப்பதற்காக அதை அள்ளினேன். இலைகள் கையில் கசங்கி அந்தப் பச்சை வாடை எழுந்ததும், கூடையை அப்படியே வைத்துவிட்டுப் பின்படியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது பிள்ளைகள் முப்பது சிலேட்டுகளைக் கோவை இலையும் அடுப்புக்கரியும் போட்டுத் தேய்த்தால் ஒரு மொட்டைமாடி முழுக்க என்ன வாடை வரும் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். மருமகள் வந்து, "என்ன மாமி, தலை சுத்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

நீங்கள் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. உங்களை அடக்கிய கபர் இருக்கும் இடத்துக்கு நம் பக்கத்துப் பெண்கள் போவதில்லை. அதனால் என் சலாமை இந்தத் தாளிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

நான் கோரிப்பாளையத்துக்கு வாழ வந்தது எழுபதுகளின் நடுவில். நடுவே ஒரு முற்றம், சுற்றி ஆறு குடித்தனம், எல்லோருக்கும் ஒரே குழாய் என்றிருந்த வளவு அது. என் வீட்டுக்காரர் சைக்கிள் கடையில் வேலை பார்த்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அந்த வளவில் அப்படிச் சொல்லிக்கொள்ள என்னை விட்டால் ஆளில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்று இப்போது தெரிகிறது.

உங்கள் முகத்துக்கு முன்னால் உங்கள் குரல்தான் எனக்குப் பழக்கமானது. விடியற்காலைத் தொழுகை முடிந்து எதிர்வீட்டிலிருந்து நீங்கள் குர்ஆன் ஓதுகிற சத்தம் முற்றத்தைத் தாண்டி வரும். அதைக் கேட்டுக்கொண்டே அடுப்புப் பற்ற வைப்பேன். ஓதி முடித்ததும் ஆப்பச்சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவீர்கள். ஏழு மணிக்குள் தெருவே உங்கள் வாசலில் நிற்கும்.

நம் சிநேகம் ஒரு இன்லன்ட் கடுதாசியில் தொடங்கியது. உங்கள் வீட்டுக்கார மச்சான் வடநாட்டுப் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு என் நிலைப்படியில் நின்றீர்கள்.

"இதுல என்ன எழுதியிருக்காகன்னு பாரேன். வழக்கமா போஸ்ட்மேன் அண்ணன்தான் வாசிச்சுச் சொல்வாரு. இன்னைக்கு அவரு ரொம்பச் சிரிக்கிறாரு."

அப்போதுதான் உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று அறிந்தேன். இரண்டாம் வகுப்போடு உங்களை நிறுத்திவிட்டார்களாம். ஓதல் மட்டும் உங்கள் அத்தாவிடம் கற்றது. கடுதாசியை வாசித்தேன். நடுவில் ஒரு வரி வந்தது. நான் தடுமாறி, இருமி, அதைத் தாண்டிப் போனேன். "என்னத்தையோ விட்டுட்ட" என்றீர்கள். வேறு வழியில்லாமல் வாசித்தேன். துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அப்படிச் சிரித்தீர்கள். அன்றிலிருந்து நீங்கள் எனக்கு லாத்தா, கூடப் பிறக்காத அக்கா.

ஜரீனாவிலிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது. பின்தெருவில் இருந்த பிள்ளை. பத்து வயது. அவளுடைய அத்தா பாலத்தடியில் புரோட்டா மாஸ்டர். பள்ளிக்கூடம் விட்டதும் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஜங்ஷனில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஓடி விளையாடும், அதில் இவளும் ஒருத்தி. அரைப்பரீட்சையில் கணக்கில் முட்டை வாங்கியிருந்தாள். ஆப்பம் வாங்க வந்த அவள் அத்தா உங்களிடம் சொன்னதை நான் குழாயடியில் நின்று கேட்டேன்.

"பெயிலாகுற பிள்ளைய எதுக்குத் தங்கச்சி அனுப்பிக்கிட்டு? இந்த அஞ்சாப்போட நிப்பாட்டிறப் போறேன்."

நீங்கள் ஆப்பத்தைத் திருப்பாமல் அவரைப் பார்த்தீர்கள். அது கருகியதை நான் பார்த்தேன்.

"அது உங்க இஷ்டம்ணே. சாயங்காலம் ஓதவாவது எங்கிட்ட அனுப்புங்க. தெருவுல திரியாம இருக்கும்ல."

"ஓதுறதுக்குன்னா தாராளமா அனுப்புறேன். அது பொம்பளப் பிள்ளைக்கு வேணும்ல."

அவர் போனதும் நேரே என்னிடம் வந்தீர்கள். "ஓதன்னா கதவைத் தொறந்து விடுறாக. தொறந்த கதவு வழியா கணக்கும் வந்துட்டுப் போகட்டுமே. நீ சும்மாத்தானே இருக்க."

"நான் எங்க லாத்தா சும்மா இருக்கேன், மூணு மாசம் வேற."

"நல்லதாப் போச்சு. வயித்துல இருக்குற பிள்ளைக்கும் சேர்த்துக் கணக்கு வரும்."

அந்தப் பிள்ளைக்குக் கடைசிவரை கணக்கு வரவில்லை என்பது வேறு கதை.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் மொட்டைமாடிக் கீற்றுக் கொட்டகையில் ஆரம்பித்தோம். மூன்று பிள்ளைகள். பொழுது அடைந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது முடித்துவிடுவது என்று ஏற்பாடு. முதல் பாதி உங்களுடையது, இரண்டாவது பாதி என்னுடையது. உங்கள் பாதி முடிந்ததும் நீங்கள் மறுநாள் மாவுக்கு அரிசி ஊறப்போடக் கீழே இறங்கிவிடுவீர்கள். ஒரு மாதத்தில் மூன்று பேர் முப்பது பேர் ஆனார்கள். பெயர் வைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகளே 'அஸர் பள்ளிக்கூடம்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் ஓதுற லாத்தா, நான் கணக்கு லாத்தா.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஓதலை நீங்கள் வெறும் சாக்காக வைத்துக்கொள்ளவில்லை. ஒரு எழுத்து தொண்டையிலிருந்து வர வேண்டுமென்றால், அது அங்கிருந்து வருகிறவரை அந்தப் பிள்ளையை விடமாட்டீர்கள். அடித்ததில்லை, அதட்டியதில்லை, காத்திருப்பீர்கள். முடிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி அல்லாவிடம் துஆ கேட்பீர்கள். முப்பது பெயரும் வரிசை மாறாமல் வரும். தன் பெயர் வரும்வரை எந்தப் பிள்ளையும் மூச்சு விடாது. "எழுத்தைத் தப்பா உச்சரிக்கிறதும் கூட்டலைத் தப்பாப் போடுறதும் ஒண்ணுதான். ரெண்டும் அவசரத்துல வர்றது" என்பீர்கள். கணக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு அதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.

பேச்சி வந்த நாள் நினைவிருக்கிறதா? பக்கத்து வளவுப் பால்காரர் மகள். மேற்கே கிராமத்தில் விவசாயம் பார்த்துவிட்டு மாடுகளோடு மதுரைக்கு வந்த குடும்பம். அவளுடைய அம்மா பால்செம்போடு படியேறி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எங்க பிள்ளையவும் சேத்துக்கிருவீகளா? வாய்ப்பாடு மட்டும் கடகடன்னு சொல்லுது, கணக்குப் போடச் சொன்னா முழிக்குது. நீங்க ஓதுறதெல்லாம் அதுக்குத் தெரியாது."

"அதுக்குத் தெரிஞ்ச சாமியை அது கும்பிடட்டும். உட்காரச் சொல்லுங்க" என்றீர்கள்.

மறுநாள் எல்லோரும் ஓதி முடித்ததும் பேச்சியைப் பார்த்து, "நீ வீட்டுல சொல்றதைச் சொல்லும்மா" என்றீர்கள். அவள் எழுந்து, கண்ணை மூடி, கையைக் கூப்பி, பதினாறாம் வாய்ப்பாட்டை முழுதாகச் சொன்னாள். அவள் வீட்டில் சாமி கும்பிடுவார்களே தவிர வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் இல்லையாம். தனக்குத் தெரிந்ததில் பெரியது அதுதான் என்று அவள் நினைத்துவிட்டாள். நீங்கள் முகம் மாறாமல் "ஆமீன்" என்றீர்கள். முப்பது பிள்ளைகளும் "ஆமீன்" என்றார்கள். கடைசிப் பிள்ளை படியிறங்கிப் போன பிறகு நாம் இரண்டு பேரும் பாயில் விழுந்து சிரித்தது மூன்று வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

கேட்டதோ என்னவோ, பேச்சு கிளம்பிவிட்டது. ஓதக் கூப்பிட்டுவிட்டு வேறு என்னவோ நடத்துகிறார்கள் என்று யாரோ பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். முழுப்பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை ஜமாஅத் தலைவரும் பள்ளிவாசலில் தொழ வைக்கிற அஜரத்தும் வளவுக்குள் வந்தார்கள். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் சிலேட்டுகளை எல்லாம் அள்ளி ஜமுக்காளத்துக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஆப்பத்துக்கு அரிசி ஊறப்போடப் போயிருந்த நீங்கள் ஈரக்கையோடு மேலே ஓடி வந்தீர்கள்.

அஜரத் ஜரீனாவை ஓதச் சொன்னார். அவள் ஓதினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. பிறகு தலைவர் கேட்டார்:

"ஓதல் சரி. இங்க வேற என்ன நடக்குதும்மா?"

நான் ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என் தோளைத் தொட்டு எழுப்பினீர்கள். ஜமுக்காளத்தைத் தூக்கினீர்கள்.

"கணக்கு நடக்குது. தமிழ் நடக்குது. பால்காரர் வீட்டுப் பிள்ளையும் வருது. ஓதல்ல குறை இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க, திருத்திக்கிறேன். மத்ததுல குறை இருந்தா இவகிட்டச் சொல்லுங்க."

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "படிக்கிறது குத்தம்னு நான் சொல்லல. ஓதன்னு சொல்லிப் பிள்ளைகளச் சேத்துட்டு, பெத்தவங்களுக்குத் தெரியாம வேற பாடம் நடத்துறது ஏமாத்துற வேலை இல்லையா?"

நீங்கள் சட்டென்று ஏதாவது பதில் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் ஜமுக்காளத்தைக் கீழே விட்டுவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டீர்கள்.

"ஆமா. சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும். அது என் தப்பு. வீடு வீடாப் போய் நானே சொல்லிடுறேன்" என்றீர்கள்.

"சொல்லுங்க. நாங்களும் பேசி முடிவு சொல்றோம். அதுவரைக்கும் நிப்பாட்டி வைங்க."

அன்று சாயங்காலமும் மறுநாளும் உங்களோடு நானும் தெருத்தெருவாக நடந்தேன். வயிறு முன்னால் போக, நான் பின்னால் போனேன். பெரும்பாலான வீடுகளில், "அதுதான் எங்களுக்குத் தெரியுமே லாத்தா" என்றார்கள். கையெல்லாம் சாக்கட்டிப் பொடியோடு போகிற பிள்ளை என்ன ஓதிவிட்டு வருகிறது என்று தாய்க்குத் தெரியாதா. ஜரீனா வீட்டில்தான் அப்படி இல்லை. அவள் அத்தா புரோட்டா மாவு ஒட்டிய கையோடு வாசலிலேயே நின்றார்.

"என்னையவே ஏமாத்திட்டீகளே தங்கச்சி" என்றார். உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது நீங்கள் அழுதீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது மொத்தமே மூன்று தடவை. அது முதலாவது.

சனிக்கிழமை அஸர் முடிந்து நீங்கள் கீழே அரிசி களைந்துகொண்டிருந்தீர்கள். மாடிப்படியில் சத்தம் கேட்டது. பிள்ளைகள். கொட்டகைக்குப் போகக்கூடாது என்று சொல்லியிருந்தோம், படியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படிக்கு இரண்டு பேராக உட்கார்ந்து, மேல்படிகள் ஓத, கீழ்ப்படிகள் வாய்ப்பாடு சொல்ல, தெருமுனைவரை கேட்டது. போகச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நிப்பாட்டச் சொன்னது நம்மளைத்தானே. பிள்ளைகளை இல்லையே" என்றீர்கள். ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு வந்தார்கள். நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. அரிசியைக் களைந்ததையே களைந்துகொண்டிருந்தீர்கள்.

ஐந்தாம் நாள் ஜரீனாவின் அத்தா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "ஓதுறதுக்கு மட்டும்தான் விடுறேன்" என்று முற்றத்தைப் பார்த்துச் சொன்னார். ஆனால் போகவில்லை. படியடியில் நின்றார். ஜரீனா மேல்படியில் உட்கார்ந்து ஓதினாள். முடிந்ததும் அவளாகவே நாலு படி இறங்கிப் பேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாட்டில் சேர்ந்துகொண்டாள். அவர் அதையும் நின்று கேட்டார். போகும்போது உங்களைப் பார்க்காமல் சொன்னார்: "கணக்கு ஒண்ணும் அம்புட்டுத் தப்பில்ல."

அதற்கு மறுநாள் அஜரத் அந்த வழியாக வந்தவர் வாசலில் நின்று, ஒரு பிள்ளையின் உச்சரிப்பைத் தெருவிலிருந்தே திருத்திவிட்டுப் போனார். அப்போதே உங்கள் முகம் தெளிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்வந்த என் வீட்டுக்காரர்தான் முடிவைக் கொண்டுவந்தார். நடத்தலாம். பெற்றவர்களுக்குச் சொல்லித்தான் சேர்க்க வேண்டும். பையன்கள் ஒருபக்கம், பெண்பிள்ளைகள் ஒருபக்கம் உட்கார வேண்டும். இன்னொன்று, கணக்கும் தமிழும் நடக்கிற நேரத்திலும் ஓதிக்கொடுக்கிற அம்மா கூடவே இருக்க வேண்டும். கையோடு பள்ளிவாசலின் பழைய பாய்கள் நாலும் வந்து இறங்கின.

கடைசி நிபந்தனை உங்களுக்குப் பிடிக்கவில்லை. "அப்ப அரிசிய யாரு ஊறப்போடுறது?" என்று கேட்டீர்கள். ஆனால் ஒத்துக்கொண்டீர்கள். இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். சும்மா உட்கார உங்களுக்கு வராது. மூன்றாம் நாள் பார்க்கிறேன், கடைசி வரிசையில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளோடு மடியில் ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி 'ட' எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்ததும் கையால் மறைத்தீர்கள். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். மறுநாள் வேண்டுமென்றே கரும்பலகையில் எழுத்துகளைக் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.

முழுப்பரீட்சையில் ஜரீனா கணக்கில் தேறினாள். அவள் அத்தா மார்க் அட்டையை எடுத்துக்கொண்டு படியேறி வந்து, "இதுல என்ன போட்டிருக்கு?" என்று என்னிடம் கேட்டார். பாஸ் என்றேன். "கணக்குலயா?" என்றார். கணக்கிலும்தான் என்றேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உங்களிடம், "தங்கச்சி, ஆறாப்புக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்குறது?" என்று கேட்டார். நீங்கள் அழுத இரண்டாவது தடவை அது.

உங்கள் படிப்பு முடிய ஒன்றரை வருசம் ஆனது. ஒருநாள் போஸ்ட்மேன் கடுதாசி கொடுத்துவிட்டுப் போனார். வழக்கம்போல நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். நீங்கள் கொடுக்கவில்லை. "நீ உன் சோலியப் பாரு" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அரைமணி நேரம் கதவு திறக்கவில்லை. வெளியே வந்தபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. "நல்லா இருக்காகளாம்" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குமேல் அந்தக் கடுதாசியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்த பஸ் ஸ்டாப்தான். ஒரு கல்யாணத்துக்காக மேலூர் போக நாம் கோரிப்பாளையத்தில் நின்றோம். உங்கள் ஆயுசில் எந்த பஸ்ஸானாலும் பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டுத்தான் ஏறியிருக்கிறீர்கள். அன்று ஒரு பஸ் வந்து நின்றது. நீங்கள் அண்ணாந்து பலகையைப் பார்த்தீர்கள். உதடு அசைந்தது. "தி... ரு... வா... த... வூர்." பிறகு ஒரே மூச்சில், "திருவாதவூர்." கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறுங்கம்மா, இடம் இருக்கு" என்றார்.

"நாங்க ஏறலண்ணே. வாசிச்சேன்" என்றீர்கள்.

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, சிரித்துக்கொண்டே விசிலை ஊதினார். அடுத்தது அழகர்கோவில். அதற்கடுத்தது நத்தம். ஒவ்வொன்றையும் வாசித்தீர்கள். மேலூர் பஸ்ஸும் வந்தது, அதையும் சத்தமாக வாசித்தீர்கள், அது போயும்விட்டது. நம் இரண்டு பேருக்கும் ஏறத் தோன்றவில்லை. கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. மூன்றாவது தடவை நீங்கள் அழுதது அந்த பஸ் ஸ்டாப்பில்தான், சிரித்துக்கொண்டே.

அஸர் பள்ளிக்கூடம் எண்பதுகள் முழுக்க நடந்தது. ஜரீனா பத்தாம் வகுப்பு முடித்து, டீச்சர் டிரெயினிங் படித்து, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள். நீங்கள் மவுத்தான அன்று வாசலில் வந்து இறங்கிய பெண்களைப் பார்த்து உங்கள் மகனுக்கே ஆச்சரியம். யார் யாரோ, எந்தெந்த ஊரிலிருந்தோ வந்திருந்தார்கள். பேச்சி கம்பத்திலிருந்து வந்திருந்தாள். அவளும் ஜரீனாவும் ஒரு மூலையில் உட்கார்ந்து உங்கள் துஆவில் யார் பெயருக்கு அடுத்து யார் பெயர் வரும் என்று சொல்லிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் இரண்டு பேருக்கும் சண்டையே வந்துவிட்டது. நான்தான் தீர்த்து வைத்தேன்.

இங்கே ஆனையூரிலும் நான் சும்மா இல்லை லாத்தா. அஸர் முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஹாலில் வந்து உட்காருகிறார்கள். ஓதிக்கொடுக்க ஜரீனாவின் சின்ன மகள் வருகிறாள், கணக்கு நான்தான். எனக்கு உங்கள் குரல் இல்லை, உங்கள் பொறுமையும் பாதிதான். ஒன்றே ஒன்றை மட்டும் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது வாசலில் தயங்கி நின்றால் நீங்கள் வா என்றும் சொல்ல மாட்டீர்கள், என்ன வேண்டும் என்றும் கேட்க மாட்டீர்கள். இருந்த இடத்தில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் பாயை இரண்டு தட்டுத் தட்டுவீர்கள்.

போன வாரம் ஒரு பிள்ளையைக் கூட்டிப் போக அவள் அம்மா சீக்கிரமே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை பார்க்கிறவள். உள்ளே வரச் சொன்னதற்கு, "இல்லம்மா, இங்கனயே நிக்கிறேன்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் மட்டும் மகளின் நோட்டில் இருந்தது. நான் கொஞ்சம் நகர்ந்து, பாயைத் தட்டினேன். முதலில் பார்க்காத மாதிரி இருந்தாள். பிறகு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வந்து உட்கார்ந்தாள்.